1,500 டாலருக்குப் பழைய சாட்டர்ன் கார் வருகிறது, வாங்கலாமா? அந்தக் கம்பெனிக்கு என்ன ஆயிற்று?

கேள்வி கேட்டவர் மேல்படிப்புக்காக அமெரிக்கா வந்திருக்கும் மாணவர். ஊரைக் காலி செய்துகொண்டு போகும் ஒருவர் தன் 2002 மாடல் சாட்டர்ன் எஸ்.எல்.1 காரை 1,500 டாலருக்குத் தருகிறேன் என்கிறாராம். "இப்படி ஒரு கம்பெனியைக் கேள்விப்பட்டதே இல்லை. யார் இவர்கள், ஏன் மூடினார்கள், வாங்கினால் மாட்டிக்கொள்வேனா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஒஹாயோவில் படித்தபோது நான் வைத்திருந்தது 1996 எஸ்.எல்.1, ஆட்டோமேட்டிக். அப்போது இந்திய மாணவர்கள் எல்லோரும் கரோலாவையும் சிவிக்கையும்தான் தேடுவார்கள். அவை எவ்வளவு பழசானாலும் விலை இறங்காது. கையில் காசு போதாதவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் சாட்டர்ன். நானும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் அதை விற்க மனம் வரவில்லை.

முதலில் கதை. எண்பதுகளில் ஜப்பான்காரர்களின் சின்னக் கார்கள் அமெரிக்கச் சந்தையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அதே தரத்தில், அதே விலையில், லாபத்தோடு ஒரு சின்னக் காரைச் செய்ய ஜெனரல் மோட்டார்ஸால் (சுருக்கமாக ஜி.எம்.) முடியவில்லை. அப்போது தலைவராக இருந்த ரோஜர் ஸ்மித் 1985 ஜனவரியில் ஒரு முடிவை அறிவித்தார். பழைய அமைப்புக்குள் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது, தனியாக ஒரு கம்பெனியே தொடங்குகிறோம் என்றார். 5 பில்லியன் டாலர் திட்டம். நிலாவுக்கு ஆளை அனுப்பிய ராக்கெட்டின் பெயரையே வைத்தார்கள். டென்னஸி மாநிலத்தில் நாஷ்வில்லுக்குத் தெற்கே ஸ்பிரிங் ஹில் என்ற சிற்றூரைத் தொழிற்சாலைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1990 ஜூலை 30 அன்று முதல் கார் வெளியே வந்தது. ஓட்டி வந்தவர் ரோஜர் ஸ்மித், பக்கத்தில் தொழிற்சங்கத் தலைவர் ஓவன் பீபர். மறுநாளே ஸ்மித் ஓய்வு பெற்றுவிட்டார். அதாவது பிள்ளை பிறந்த மறுநாள் அப்பா வீட்டில் இல்லை. பின்னால் நடந்தவற்றுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

தொழிற்சாலைக்குள் நடந்ததும் புதுசு. டெட்ராய்ட்டில் அப்போது தொழிற்சங்க ஒப்பந்தம் என்றால் தலையணை கனத்தில் இருக்கும், இந்த வேலை இவனுக்கு, அந்த வேலை அவனுக்கு என்று நூறு பிரிவுகளோடு. சாட்டர்னில் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மெலிசான ஒரு தனி ஒப்பந்தம் செய்தார்கள். சின்னச் சின்னக் குழுக்கள். முடிவுகளில் தொழிலாளிக்கும் பங்கு. அடிப்படைச் சம்பளம் மற்ற ஆலைகளைவிடக் குறைவு, தரமும் உற்பத்தியும் இலக்கைத் தொட்டால் போனஸ். மற்ற ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு டென்னஸிக்குக் குடிபெயர்ந்து வந்தார்கள்.

ஆனால் வாங்கியவர்களின் மனதில் நின்றது தொழிற்சாலை இல்லை, கடை. அமெரிக்காவில் புதுக் கார் வாங்கப் போனவர்களுக்கு இது புரியும். விற்பனையாள் ஒரு விலை சொல்வார், நீங்கள் ஒன்று சொல்வீர்கள், "மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று உள்ளே போய் அரை மணி நேரம் காணாமல் போவார். திரும்பி வரும்போது நூறு டாலர் குறைந்திருக்கும், ஏதோ ஒரு கட்டணம் இருநூறு டாலர் ஏறியிருக்கும். சாட்டர்ன் கடையில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைதான் விலை. உங்களுக்கும் அதே, டாக்டருக்கும் அதே, பேரம் பேசத் தெரியாத பாட்டிக்கும் அதே. தனியாகக் கார் வாங்கப் போன பெண்கள் பலருக்கு இது பெரிய நிம்மதியாக இருந்திருக்கிறது. சாவி கொடுக்கும்போது கடையில் இருப்பவர்கள் எல்லோரும் கூடிக் கைதட்டி, காரோடு நிற்கவைத்து ஒரு போலராய்டு போட்டோ எடுத்துக் கையில் கொடுப்பார்கள். கொஞ்சம் அசட்டுத்தனமான சடங்குதான். ஆனாலும் பழைய சாட்டர்ன்காரர்கள் அந்தப் போட்டோவை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

1991-ல் ஒரு சோதனை வந்தது. வெளியிலிருந்து வாங்கிய கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், சரியில்லாமல் எஞ்சினை அரிக்கும் என்று தெரிந்தது. சுமார் 1,800 கார்கள். வேறு கம்பெனியாக இருந்தால் பாகத்தை மாற்றித் தருகிறோம் என்று கடிதம் போட்டிருப்பார்கள். இவர்கள் காரையே மாற்றிப் புதுக் கார் கொடுத்தார்கள். தவறு செய்து பெயர் வாங்கிய கம்பெனி என்று இதைத்தான் சொல்ல வேண்டும். 1994 கோடையில் "தொழிற்சாலைக்கு வாருங்கள்" என்று கார் வைத்திருப்பவர்களை அழைத்தார்கள். நாற்பதாயிரம் பேருக்கு மேல் ஸ்பிரிங் ஹில்லில் வந்து இறங்கினார்கள். விலை குறைந்த ஒரு குடும்பக் காருக்கு! வாடிக்கையாளர் திருப்திக் கணக்கெடுப்புகளில் லெக்ஸஸ், இன்ஃபினிட்டி போன்ற பணக்காரக் கார்களுக்கு அடுத்து சாட்டர்ன் வந்ததும் அந்த ஆண்டுகளில்தான். 1994-ல் மட்டும் 2,80,000 கார்களுக்கு மேல் விற்றார்கள்.

சரி, கார் எப்படி? சுமார்தான். வேகம் கூட்டினால் எஞ்சின் தையல் மிஷின் மாதிரி சத்தம் போடும். சீட் தாழ்வாக இருக்கும், ஏறி இறங்க முட்டி வலிக்கும். கதவுகளும் மட்கார்டுகளும் பிளாஸ்டிக். பானெட், கூரை, டிக்கி மூடி மட்டும் இரும்பு. வெயிலில் பிளாஸ்டிக் விரியும் என்பதால் பேனல்களுக்கு நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். புதிதாகப் பார்ப்பவர் இடித்துச் சரியாகப் பொருத்தாத வண்டி என்றுதான் நினைப்பார். ஆனால் சூப்பர் மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டி உருண்டு வந்து கதவில் மோதும், பேனல் உள்ளே போய் அப்படியே வெளியே வந்துவிடும். விரலால் தடவினால் ஒரு கோடுகூட இருக்காது. சாலையில் உப்பு கொட்டும் ஒஹாயோ குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு வண்டியின் கதவுகள் துருப்பிடித்து உதிரும்போது சாட்டர்ன் கதவு பளபளவென்று நிற்கும். துரு உள்ளே, கீழே சட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் என்பது வேறு விஷயம். வயதான பிளாஸ்டிக் கடும் குளிரில் விரிசல் விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மைலேஜ் அபாரம். மேனுவல் கியர் வண்டி நெடுஞ்சாலையில் காலனுக்கு 40 மைல் தரும்.

எஸ்.எல்.1 அடங்கிய எஸ் வரிசைக் கார்களின் பெரிய வியாதி ஆயில் குடிப்பது. பிஸ்டனில் ஆயில் ரிங் உட்காரும் பள்ளத்திலிருந்து எண்ணெய் வடிந்து திரும்பப் போதுமான துளை கிடையாது. நாளாக ஆகக் கரி அடைத்து ரிங் ஒட்டிக்கொள்ளும், ஆயில் எரிந்து புகைக்குழாய் வழியாகப் போய்விடும். சொட்டு ஒழுகாது, புகையும் பெரிதாகத் தெரியாது, அதனால் பலர் கவனிப்பதே இல்லை. ஆயிரம் மைலுக்கு ஒரு குவார்ட் (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) குடிப்பது சாதாரணம். குறைந்த ஆயிலிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் போகும், அதோடு எஞ்சினும் போகும். அதனால் சாட்டர்ன்காரன் ஒவ்வொருவனின் டிக்கியிலும் ஓர் ஆயில் பாட்டில் கிடக்கும். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது பழக்கமாகிவிடும்.

இரண்டாவது, கூலன்ட் வெப்பநிலை சென்சார். கம்பெனி போட்டதன் முனை பிளாஸ்டிக். அது விரிசல் விட்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருப்பதாகவே கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். பெட்ரோல் அதிகமாகப் பாயும், ரேடியேட்டர் ஃபேன் சுற்றாது. பித்தளை முனை வைத்தது பதினைந்து இருபது டாலருக்குக் கிடைக்கும். மாற்றிவிட்டால் அந்தத் தலைவலி ஒழிந்தது. மூன்றாவது, எஞ்சினின் மேல் மவுண்ட். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் கடகடவென்று ஆடினால் அதுதான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் வீட்டு வாசலிலேயே மாற்றலாம். ஆட்டோமேட்டிக்கில் ரிவர்ஸ் போடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் ஓர் அடி விழுந்தால் கியர்பாக்ஸின் வால்வ் பாடி தேய்கிறது என்று பொருள். அது செலவு.

இன்னொன்று, ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர்பாக்ஸுக்கும் வெளியே திருகும் ஃபில்டர் உண்டு, பார்க்க ஆயில் ஃபில்டர் போலவே இருக்கும். ஒருமுறை அவசர ஆயில் மாற்றும் கடை ஒன்றில் காத்திருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தட்டில் சிவப்பாக ஒழுகுகிறது. எஞ்சின் ஆயில் எங்கேயாவது சிவப்பாக இருக்குமா? ஓடிப்போய்க் கத்தினேன். கியர்பாக்ஸ் ஆயிலை முழுக்க இறக்கிவிட்டு எஞ்சினில் புது ஆயிலை ஊற்றக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார் அந்தப் பையன். இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. சாட்டர்ன் வைத்திருந்த பாதிப் பேரிடம் இதே கதை இருக்கும்.

இவ்வளவு பேர் விரும்பிய கம்பெனி ஏன் போயிற்று? ஜி.எம். 2009-ல் திவாலானதைக் காரணமாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் சாட்டர்ன் செத்தது அதற்கு வெகுமுன்பே. அடிப்படையில் ஒரே காரை 1991 மாடலிலிருந்து 2002 வரை ஓட்டினார்கள். கார் வாங்கியவர்களுக்குக் கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, பெரிய வண்டி வேண்டும் என்று அதே கடைக்கு வந்தபோது கடையில் கொடுக்க ஒன்றுமில்லை. அவர்கள் கண்கலங்கிக்கொண்டு ஹோண்டா கடைக்குப் போனார்கள். நம் பணத்தையெல்லாம் இவர்கள் தின்கிறார்கள் என்று ஜி.எம்.மின் மற்ற பிரிவுகளான செவ்ரலே, ஓல்ட்ஸ்மொபீலுக்கு ஏற்கெனவே எரிச்சல். புது மாடலுக்குக் காசு கேட்டால் வரிசையில் நில் என்ற பதில்தான் வந்தது. கடைசியில் 2000 மாடலாக வந்த எல் வரிசை என்ற பெரிய கார், ஜெர்மன் ஓப்பல் வெக்ட்ராவை அடிப்படையாக வைத்தது. டெலவேரில் செய்தார்கள், ஸ்பிரிங் ஹில்லில்கூட இல்லை. யாரும் சீந்தவில்லை.

அதற்கப்புறம் வந்தவை பெரும்பாலும் மற்ற பிரிவுகளின் கார்களுக்கு சாட்டர்ன் பெயர் ஒட்டியவை. வினோதம் என்னவென்றால், கடைசியில்தான் நல்ல கார்கள் வந்தன. ஆரா 2007-ல் வட அமெரிக்காவின் சிறந்த கார் விருது வாங்கியது. ஸ்கை என்ற இரண்டு சீட் வண்டி இன்றும் அழகு. ஆனால் அதற்குள் பழைய சாட்டர்ன்காரர்கள் போய்விட்டார்கள், புதியவர்கள் வரவில்லை. இடையில் இன்னொன்று: இ.வி.1 என்ற அந்தப் புகழ்பெற்ற மின்சாரக் காரை 1996 முதல் கலிஃபோர்னியா, அரிசோனாவில் வாடகைக்குக் கொடுத்ததும் சாட்டர்ன் கடைகள்தான். பிறகு ஜி.எம். அவற்றைத் திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டது.

2009 ஜூனில் ஜி.எம். திவால் மனு கொடுத்தது. அதே வாரம் பந்தயக் கார் உலகில் பெரிய பெயரான ரோஜர் பென்ஸ்கி, சாட்டர்னை வாங்கிக்கொள்கிறேன் என்றார். சுமார் 350 கடைகளுக்கும் உயிர் வந்தது. ஜி.எம். கொஞ்ச காலம் கார் செய்து கொடுக்கும், அதன் பிறகு வேறொரு கம்பெனியிடம் வாங்கி விற்பது என்று திட்டம். அந்த வேறொரு கம்பெனி பிரான்ஸின் ரெனோ. செப்டம்பர் 30 அன்று ரெனோவின் இயக்குநர் குழு முடியாது என்றது. பென்ஸ்கி விலகினார், ஜி.எம். அன்றே மூடுவிழா அறிவித்தது. 2010 அக்டோபரோடு கடைசிக் கடைகளும் மூடின. ஸ்பிரிங் ஹில் ஆலை மட்டும் நிற்கிறது. இப்போது அங்கே கேடிலாக் மின்சாரக் கார் செய்கிறார்கள்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். எஸ்.எல்.1 என்றால் பயப்பட ஒன்றுமில்லை, மேனுவலாக இருந்தால் இன்னும் நல்லது. வேறு யாராவது எஸ் வரிசைக்குப் பின் வந்த ஐயான் என்ற சாட்டர்ன் வண்டியைக் காட்டினால், 2014-ல் ஜி.எம். திரும்ப அழைத்த சாவி சுவிட்ச் பிரச்சினையை முதலில் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தானாக நழுவி எஞ்சின் அணைந்து, ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போய்விடும். மற்ற மாடல்களோடு சேர்த்து அதில் 124 பேர் இறந்ததாக ஜி.எம். வைத்த இழப்பீட்டு நிதியே ஒப்புக்கொண்டிருக்கிறது. அரசின் சாலைப் பாதுகாப்புத் தளத்தில் வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) போட்டால் அந்த வேலை முடிந்ததா என்று தெரியும். முடியாவிட்டால் எந்த ஜி.எம். கடையிலும் இலவசமாகச் செய்து தருவார்கள். சாட்டர்னின் எஸ்.யு.வி.யான வியூ என்றால் முதல் வருடங்களின் சி.வி.டி. (படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் வேண்டவே வேண்டாம், 2004 முதல் 2007 மாடல் வரை ஹோண்டாவின் வி6 எஞ்சினோடு வந்தது நல்ல வண்டி. அதில் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள்.

பாகங்களைப் பொறுத்தவரை, எஞ்சின் சாமான்கள் எந்த ஆட்டோ பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். கதவு பேனல், பம்பர் மாதிரியானவற்றுக்குப் பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஜங்க்யார்டுதான் கதி, அங்கும் சாட்டர்ன் குறைந்துகொண்டே வருகிறது.

விற்பவரிடம் ஆயில் எவ்வளவு குடிக்கிறது என்று நேராகவே கேளுங்கள். துளிகூடக் குடிக்காது என்று சத்தியம் செய்தால் டிப்ஸ்டிக்கை நீங்களே உருவிப் பாருங்கள். "மாதம் ஒரு பாட்டில் ஊற்றுகிறேன்" என்று சொல்லி டிக்கியைத் திறந்து பாதி காலியான பாட்டிலைக் காட்டினால் ஆளை நம்பலாம். விலையில் மட்டும் ஓர் இருநூறு டாலர் குறைத்துக் கேளுங்கள்.