ஈஸ்ட் லேக்: பள்ளிக்கூடம் உயர்ந்தால் வாடகையும் உயரும் (கேள்வி பதில்)

சார்ட்டர் பள்ளியையும் வட்டாரப் பொருளாதார மேம்பாட்டையும் ஒரே அறக்கட்டளை சேர்த்து நடத்தும் அமெரிக்க முயற்சிகளைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஜார்ஜியா மாநிலத்தில் இத்தகைய பள்ளி ஒன்றின் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதே எனக்கு உள்ள தகுதி. கீழே அதிகம் பேசப்படும், அட்லாண்டா நகரின் ஈஸ்ட் லேக் அறக்கட்டளையில் நான் பணிபுரிந்ததில்லை. அதை அக்கறையோடு கவனித்து வருபவன் மட்டுமே.

கோவையிலிருந்து ஓர் ஆசிரியை: சார்ட்டர் பள்ளி என்பது நம் அரசு உதவி பெறும் பள்ளியைப் போன்றதுதானா?

பாதி அப்படித்தான். அரசுப் பணம், தனியார் நிர்வாகம் என்ற அளவில் இரண்டும் ஒன்று. ஆனால் நம் ஊரில் அரசு தருவது ஆசிரியரின் சம்பளம். அங்கே தருவது மாணவர் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. சம்பளம், பேருந்து, கட்டடம், மின்கட்டணம் எல்லாவற்றையும் நிர்வாகம் அந்தத் தொகைக்குள்தான் சமாளிக்க வேண்டும். கட்டணம் வாங்கக் கூடாது. இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் போட வேண்டும். 'சார்ட்டர்' என்பது ஒரு உரிமை ஒப்பந்தம். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தரப்படும் அந்த உரிமையை, காலம் முடிந்ததும் தேர்ச்சியையும் கணக்கையும் பார்த்துப் புதுப்பிப்பார்கள், அல்லது பள்ளியை மூடுவார்கள். இதற்கான முதல் சட்டம் 1991-இல் மினசோட்டாவில் வந்தது. முதல் பள்ளி அடுத்த ஆண்டே அம்மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் திறந்தது.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: பள்ளி நடத்துகிறவர்கள் வீடு கட்டும் வேலையில் ஏன் இறங்க வேண்டும்?

ஈஸ்ட் லேக்கில் நடந்தது இதற்கு நேர்மாறு: வீடு கட்டப் போனவர்கள் பள்ளியில் வந்து நின்றார்கள். அட்லாண்டாவின் கிழக்கே உள்ள அந்த வட்டாரத்தில் ஒரு புகழ்பெற்ற கோல்ஃப் கழகம் இருந்தது. புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ் சிறுவயதில் ஆடிப் பழகிய திடல் அது. 1960-களில் வெள்ளையர் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தபோது, கழகம் தன் இரண்டாவது திடலை விற்றது. அந்த நிலத்தில்தான் 650 வீடுகளுடன் ஈஸ்ட் லேக் மெடோஸ் என்ற அரசுக் குடியிருப்பு 1970-இல் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில், போர்க்களம் போல வன்முறை மிகுந்த இடம் என்ற பொருளில், அந்த இடத்துக்கு 'லிட்டில் வியட்நாம்' என்ற பட்டப்பெயர் விழுந்தது. 1990-களின் நடுவில் அங்கே வேலையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 13 விழுக்காடு. ஐந்தாம் வகுப்பில் மாநிலக் கணிதத் தேர்வின் தரத்தை எட்டிய பிள்ளைகள் 5 விழுக்காடு.

ரியல் எஸ்டேட் தொழிலதிபர் டாம் கசின்ஸ் 1993-இல் நலிந்துபோயிருந்த அந்தக் கழகத்தை வாங்கினார். 1995-இல் ஈஸ்ட் லேக் அறக்கட்டளையைத் தொடங்கினார். அட்லாண்டா வீட்டுவசதி ஆணையத்தின் தலைவராக அப்போது இருந்தவர் ரெனே குளோவர். குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவி ஈவா டேவிஸ். பணக்காரரின் பேச்சை அந்த அம்மாள் எளிதில் நம்பிவிடவில்லை. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகே உடன்பட்டார். பழைய கட்டடங்கள் முழுவதும் இடிக்கப்பட்டு, அதே நிலத்தில் 542 வீடுகள் எழுந்தன. அவற்றில் பாதி அரசு மானியம் பெறும் குடும்பங்களுக்கு, மீதிப் பாதி சந்தை வாடகைக்கு. எந்த வீட்டில் யார் எவ்வளவு வாடகை கொடுக்கிறார்கள் என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

பள்ளி தேவைப்பட்டது இந்த இடத்தில்தான். சந்தை வாடகை கொடுக்கும் குடும்பம் பிள்ளை பிறக்கும்வரை இருக்கும். பிள்ளைக்கு ஐந்து வயதானதும் நல்ல பள்ளி இருக்கும் புறநகருக்குப் போய்விடும். அவர்கள் போய்விட்டால் பாதிக்குப் பாதி என்ற கணக்கு குலையும், வீடுகளைப் பராமரிக்கும் பணமும் போகும். எனவே 2000-இல் ட்ரூ சார்ட்டர் பள்ளியைத் திறந்தார்கள். அட்லாண்டா நகரின் முதல் சார்ட்டர் பள்ளி அது. இரத்த வங்கி முறையை வளர்த்தெடுத்த கறுப்பின மருத்துவர் சார்ல்ஸ் ட்ரூவின் பெயரைத் தாங்கியது. மேல்நிலை வகுப்புகளுக்கான கட்டடம் 2014-இல் வந்தது. அங்கே பள்ளிப் படிப்பை முடித்த முதல் அணி 2017-இல் வெளியேறியது.

மதுரையிலிருந்து ஓர் அறக்கட்டளை நிர்வாகி: இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? நன்கொடையை மட்டும் நம்பினால் எத்தனை நாள் ஓடும்?

நன்கொடை தொடங்கி வைக்கும், தொடர்ந்து நடத்தாது. ஈஸ்ட் லேக்கில் கோல்ஃப் கழகத்தையே வருவாய்க்கு ஒரு வழியாக்கினார்கள். உறுப்பினராகச் சேரும் பெருநிறுவனங்களிடம் அறக்கட்டளைக்கென 2,00,000 டாலர் நன்கொடை கேட்கப்பட்டது. 1998-இல் முதன்முதலாக அங்கே நடந்த டூர் சாம்பியன்ஷிப் என்ற தொழில்முறை கோல்ஃப் போட்டி 2004 முதல் ஆண்டுதோறும் அங்கேயே நடக்கிறது. அதன் வருவாயில் ஒரு பங்கு அறக்கட்டளைக்குப் போகிறது. வேறு ஊரார் இதைப் பார்த்து நகலெடுக்க முடியாது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. எல்லா ஏழை வட்டாரத்தின் நடுவிலும் புகழ்பெற்ற கோல்ஃப் கழகம் இருப்பதில்லை.

மற்ற ஊர்களில் கைகொடுப்பது வரிச்சலுகை. 1986-இல் வந்த குறைந்த வருமான வீட்டுவசதி வரிச்சலுகை வீடு கட்ட உதவுகிறது. 2000-இல் வந்த நியூ மார்க்கெட்ஸ் வரிச்சலுகை பள்ளிக் கட்டடத்துக்கு உதவுகிறது. இரண்டாவதன் கணக்கைச் சொல்கிறேன். ஏழை வட்டாரம் என்று வரையறுக்கப்பட்ட பகுதியில் ஒரு முதலீட்டாளர் உரிய நிறுவனத்தின் வழியாக 1 கோடி டாலர் போட்டால், முதல் மூன்று ஆண்டுகள் 5 விழுக்காடும் அடுத்த நான்கு ஆண்டுகள் 6 விழுக்காடும், ஆக 39 விழுக்காடு, அதாவது 39 லட்சம் டாலர், தம் கூட்டரசு வரியில் கழித்துக்கொள்ளலாம். அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி பள்ளிக்குக் குறைந்த வட்டிக் கடனாக இறங்குகிறது. ஏழாண்டு முடிந்ததும் கடனின் ஒரு பகுதி தள்ளுபடியாவதும் வழக்கத்தில் உண்டு. இதற்கு வழக்கறிஞர் கட்டணமும் கணக்காளர் கட்டணமும் அதிகம் என்பதால் சிறிய பள்ளிகள் இந்தப் பக்கமே வருவதில்லை.

கட்டடம் எவ்வளவு பெரிய சுமை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான் கணக்குப் பார்த்த பள்ளியில் ஓர் ஆகஸ்டு மாதம், பள்ளி திறந்த இரண்டாம் வாரம், மொட்டைமாடிக் குளிர்சாதன இயந்திரம் நின்றுவிட்டது. பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றிப் பாடம் நடத்தினார்கள். புதிய இயந்திரத்துக்கு வந்த விலைப்புள்ளியும் ஒரு துணை ஆசிரியரின் ஆண்டுச் சம்பளமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. இயந்திரம் வந்தது, துணை ஆசிரியர் பணியிடம் அந்த ஆண்டு நிரப்பப்படவில்லை.

நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர்: பலன் தருவது பள்ளியா, அல்லது சுற்றியுள்ள சேவைகளா?

இதற்கு ஈஸ்ட் லேக்கைவிட நியூயார்க்கின் ஹார்லம் சில்ரன்ஸ் சோன் நல்ல உதாரணம். 1970-இல் பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிச் செல்லும் அமைப்பாகத் தொடங்கிய அது, ஜெஃப்ரி கனடா என்பவரின் தலைமையில் 1990-களில் ஒரு குறிப்பிட்ட தெருப்பகுதியையே தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. பிள்ளை பெறப்போகும் பெற்றோருக்கான வகுப்பு முதல் கல்லூரியில் சேர்ந்த மாணவருக்கான உதவி வரை அங்கே உண்டு. எல்லை 97 தெருக்கட்டங்களாக விரிந்தது. 2004-இல் பிராமிஸ் அகாடமி என்ற சார்ட்டர் பள்ளியைத் திறந்தார்கள்.

பொருளியலாளர்கள் வில் டாபியும் ரோலண்ட் ஃபிரையரும் அங்கே குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2011-இல் ஆய்வு வெளியிட்டார்கள். கணிதத்தில் பெரிய முன்னேற்றம் இருந்தது. ஆனால் அந்த எல்லைக்கு வெளியே குடியிருந்து பள்ளிக்கு மட்டும் வந்த பிள்ளைகளும் அதே அளவு முன்னேறியிருந்தார்கள். சுற்றுச் சேவைகளால்தான் மதிப்பெண் உயர்ந்தது என்று சொல்ல இதில் ஆதாரம் இல்லை. அதனால் சேவைகள் வீண் என்று முடிவுகட்ட மாட்டேன். ஆஸ்துமா சிகிச்சையும் வாடகைப் பாதுகாப்பும் கணிதத் தேர்வில் தெரியாவிட்டாலும் அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். மதிப்பெண்ணைக் காட்டி வட்டார மேம்பாட்டுக்கு நிதி கேட்பது மட்டும் தவறான வாதம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிராமிஸ் அகாடமியின் முதல் நடுநிலை வகுப்பு எதிர்பார்த்த அளவு தேறாததால், 2007-இல் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வேறு உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். 'தெருவில் ஒரு பிள்ளையையும் விடமாட்டோம்' என்று சொல்லும் அமைப்புக்கு அது கடினமான ஆண்டாகத்தான் இருந்திருக்கும்.

திருச்சியிலிருந்து ஒரு மாணவி: பழைய குடியிருப்பில் இருந்தவர்கள் எல்லாரும் புதிய வீட்டுக்குத் திரும்பினார்களா?

இல்லை. பெரும்பாலோர் திரும்பவில்லை. எனக்கு இந்த முயற்சியில் மிகப் பெரிய உறுத்தல் இதுதான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். இடிப்பதற்கும் கட்டுவதற்கும் இடையே ஆண்டுகள் ஓடின. வாடகையில் ஒரு பங்கை அரசே தரும் வீட்டு உதவிச் சீட்டு வாங்கிக்கொண்டு வேறு பகுதிக்குப் போனவர்கள் அங்கேயே வேரூன்றினார்கள். 650 இருந்த இடத்தில் மானிய வீடுகள் 271 மட்டுமே. திரும்ப விரும்பியவர்களுக்கும் நிபந்தனைகள் இருந்தன: உடல் திறன் உள்ள பெரியவர்கள் வேலையிலோ தொழிற்பயிற்சியிலோ இருக்க வேண்டும், குற்றப் பின்னணி சரிபார்க்கப்படும். நிபந்தனைகள் நியாயமற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று அந்த வட்டாரத்தின் வருமானமும் தேர்ச்சியும் உயர்ந்துவிட்டன என்று காட்டும் வரைபடத்தில், முன்னால் இருந்த மக்கள் வேறு, பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் வேறு. அதைச் சொல்லாமல் வரைபடத்தை மட்டும் காட்டுவது முறையாகாது.

எஞ்சியவர்களையாவது அந்த இடத்தில் தக்கவைத்தது எது என்று பார்த்தால், பள்ளி அல்ல, பத்திரம். நிலம் வீட்டுவசதி ஆணையத்திடம் இருக்க, நீண்டகாலக் குத்தகையில் வீடுகள் கட்டப்பட்டன. பாதி வீடுகள் ஏழைக் குடும்பங்களுக்கு என்பது அந்த ஏற்பாட்டிலேயே எழுதப்பட்டது. பள்ளி பெயர் வாங்கியதும் சுற்றுவட்டாரத்தில் வீட்டு விலை ஏறியது, ஏறிக்கொண்டும் இருக்கிறது. எல்லைக்கு வெளியே அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்த முதியவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. வாடகை ஏறுவதற்கு முன்னால் நிலத்தைக் கட்டிவைத்துக்கொள்ளும் வாய்ப்பு ஒரே ஒரு முறைதான் வரும். ஏறிய பிறகு வாங்க எந்த அறக்கட்டளையிடமும் பணம் இருக்காது.

ஈவா டேவிஸின் பெயரில் அங்கே இப்போது ஒரு தெரு இருக்கிறது.

அட்லாண்டா புறநகரிலிருந்து ஒரு தந்தை: குலுக்கல் என்றால் அந்த வட்டாரப் பிள்ளைக்கே இடம் கிடைக்காமல் போகலாமே?

வரிசை உண்டு. ட்ரூ பள்ளியில் முதலில் அந்த 542 வீடுகளில் குடியிருப்போர், பிறகு ஈஸ்ட் லேக், கர்க்வுட் வட்டாரத்தார், அதன் பிறகே நகரின் மற்ற பகுதியார். அட்லாண்டா நகர எல்லைக்கு வெளியே இருக்கும் உங்களுக்கு அடுத்த ஆண்டுக்கான நம்பிக்கையை நான் ஊட்ட முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: 'பொருளாதார மேம்பாடு' என்பதில் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்?

வேலைக்கான பயிற்சி, வீட்டுக்கணக்கு எழுதக் கற்பித்தல், தாய்மார் வேலைக்குப் போக வசதியாகக் குழந்தைகள் காப்பகம், சிறு கடைகளுக்கு இடம். இவற்றில் குழந்தைகள் காப்பகமே அதிகம் பயன்படுவதை நான் பார்த்திருக்கிறேன். பொதுவாக இந்த அமைப்புகள் வீட்டிலும் பள்ளியிலும் காட்டும் திறமையைத் தொழில் வளர்ச்சியில் காட்டுவதில்லை. கல்வி, வீடு, சமூக நலம் மூன்றையும் பிணைக்கும் ஈஸ்ட் லேக் முறையை மற்ற நகரங்களுக்குக் கொண்டுசெல்ல கசின்ஸும், முதலீட்டாளர்கள் வாரன் பஃபெட், ஜூலியன் ராபர்ட்சன் ஆகியோரும் 2009-இல் பர்பஸ் பில்ட் கம்யூனிட்டீஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் அதிலும் மூன்று தூண்களில் ஒன்றாகத் தொழில் இல்லை.

டல்லாஸிலிருந்து ஒருவர்: இப்படியொரு அமைப்பின் நிர்வாகக் குழுவில் சேர அழைக்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்ய?

முதலில், கட்டுமான ஒப்பந்தங்கள் யாருக்குப் போகின்றன என்று பாருங்கள். பள்ளியும் கட்டடமும் ஒரே கையில் இருக்கும்போது உறவினருக்கு வேலை கொடுக்கும் ஆசை எளிதில் வரும். சிகாகோவில் யூஎன்ஓ என்ற வட்டார அமைப்பு சார்ட்டர் பள்ளிகள் கட்ட இல்லினாய் அரசிடம் 2009-இல் 9.8 கோடி டாலர் மானியம் பெற்றது. அதன் மூத்த அதிகாரி ஒருவரின் சகோதரர்களின் நிறுவனங்களுக்கு ஒப்பந்தங்கள் போனதைக் கடன்பத்திரம் வாங்கியவர்களிடம் முறையாகத் தெரிவிக்கவில்லை என்று 2014-இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அதன் பள்ளி அமைப்பின்மீது குற்றம் சாட்டியது. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அடுத்து, பள்ளியின் குழுவும் வீட்டுவசதி நிறுவனத்தின் குழுவும் தனித்தனியாக உள்ளனவா, பள்ளி கொடுக்கும் வாடகையை நிர்ணயிப்பவர் யார் என்று கேளுங்கள். வகுப்பறையைச் சுற்றிக் காட்ட அழைப்பார்கள். போங்கள், பிள்ளைகளைப் பார்ப்பது மகிழ்ச்சியான விஷயம். ஆனால் அதற்கு முன்னால் நிலக் குத்தகைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, குறைந்த வாடகை வீடுகள் எத்தனை, அந்த நிபந்தனை எந்த ஆண்டோடு முடிகிறது என்ற பக்கத்தைப் படித்துவிடுங்கள். முடியும் ஆண்டு உங்கள் பதவிக்காலத்துக்குள் வந்தால், முதல் கூட்டத்திலேயே அதைப் பேச்சுக்கு எடுங்கள்.

கடைசியாக, சேலத்திலிருந்து ஒரு பள்ளி மாணவன்: கோல்ஃப் திடலுக்குப் பக்கத்தில் படிக்கும் பிள்ளைகள் கோல்ஃப் ஆடுவார்களா?

ஆடுவார்கள், தம்பி. பள்ளியை ஒட்டியே சார்லி யேட்ஸ் என்ற பொதுத்திடல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு விளையாட்டு வகுப்பிலேயே கற்றுத் தருகிறார்கள். 2019-இல் ட்ரூ பள்ளியின் ஆண்கள் அணி தன் பிரிவில் ஜார்ஜியா மாநிலப் பட்டத்தை வென்றது. அணியில் இருந்த அனைவரும் கறுப்பினப் பிள்ளைகள். அத்தகைய ஓர் அணி அம்மாநிலத்தில் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.