பாதியில் தொங்கும் கூடுகள்

கேள்வி: கண்மாய்க்கரைப் பனையில் மஞ்சள் தலைக் குருவிகள் கூடு கட்டுகின்றன. பல கூடுகள் குல்லாய் மாதிரி பாதியிலேயே நிற்கின்றனவே, ஏன்? – வாசகர், திருவாடானை

பதில்: அவை தூக்கணாங்குருவிகள். கட்டுவது ஆண்தான். நெல் தாளின் ஓரத்தை அலகால் கடித்து, விருட்டென்று மேலே பறந்து நாராகக் கிழித்தெடுக்கும். பச்சை நார்தான் வளையும், காய்ந்தது ஒடியும். குல்லாய் நிலை வந்ததும், குறுக்கே போட்ட பட்டையில் உட்கார்ந்து சிறகடித்துப் பெட்டையைக் கூப்பிடும். பெட்டை உள்ளே வந்து ஆராயும். பிடித்தால்தான் முட்டை அறையும் கீழ்நோக்கிய குழாய் வாசலும் சேரும். பிடிக்காததுதான் நீங்கள் பார்க்கும் பாதிக் கூடு. சில சமயம் ஆணே அதைப் பிய்த்தெறிந்துவிடும்.

முழுக் கூட்டுக்குச் சுமார் 18 நாள், 500 நடை ஆகும். 2 முதல் 4 வெள்ளை முட்டைகள். அடைகாப்பது பெட்டை மட்டுமே. ஆண் அதற்குள் அடுத்த கூட்டைத் தொடங்கியிருக்கும், பொறுப்பான அப்பா என்று சொல்ல முடியாது!

உள்சுவரில் ஈரமண் அப்பியிருப்பது உண்மை. அதில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றுகிறது என்பது வெறும் கதை.

பருவம் முடிந்தால் ஆணின் மஞ்சளும் போய்விடும். அப்போது பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும். குஞ்சுகளுக்குப் பூச்சிதான் உணவு என்பதால் வயலுக்கும் லாபம். ஓலை வெட்டுவதைக் குஞ்சுகள் பறக்கும்வரை தள்ளிப்போடுங்கள்.