பாதியில் எழுந்து போனார்கள், மகள் மேடைக்கே போக மாட்டேன் என்கிறாள்

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. என் 23 வயது மகள் வேலைக்குப் போய்க்கொண்டே ஊரிலுள்ள அமெச்சூர் நாடகக் குழுவில் நடிக்கிறாள். இந்த முறை ‘ஹேர்’ என்ற 1960-களின் ராக் இசை நாடகம் போட்டார்கள். நானும் என் கணவரும் போயிருந்தோம். ஒரு வயதான தம்பதி அரை மணி நேரத்திலேயே எழுந்து போய்விட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு பல நாற்காலிகள் காலி. ஆனால் கடைசிப் பாட்டுக்கு எழுபதைத் தாண்டியவர்கள் மேடையேறி ஆடினார்கள். அவளுடைய ஆபீஸ் நண்பர்கள் ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் கதை புரியவில்லை. ‘ஹரே கிருஷ்ணா’ என்று பாடி ஆடியபோது சங்கடமாக இருந்தது. மங்கலான வெளிச்சத்தில் ஆடையில்லாத காட்சி ஒன்று வந்தது. அவளும் அதில் இருந்தாளா என்று கேட்க வாய் வரவில்லை. “சூப்பர்” என்று சொல்லி வைத்தேன். பொய் என்று கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு காட்சிகள் இருக்கின்றன. போகவே பிடிக்கவில்லை என்கிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: எழுந்து போனவர்கள், எழுந்து ஆடியவர்கள், புரியவில்லை என்றவர்கள் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து ‘நாடகம் தோற்றுவிட்டது’ என்று உங்கள் மகள் முடிவு கட்டியிருக்கிறாள். அவர்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எழுந்து போனவர்களை அவள் மறந்துவிடலாம். இந்த நாடகத்துக்கு அது புதிதே இல்லை. நிலவை நோக்கிப் போய் உயிர் தப்பித் திரும்பிய அப்போலோ 13 விண்வெளி வீரர்கள் ஜிம் லவலும் ஜாக் ஸ்விகர்ட்டும், அதே 1970-இல் நியூயார்க் பில்ட்மோர் தியேட்டரில் இதைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அமெரிக்கக் கொடியை மேடையில் கையாண்ட விதம் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. டென்னசி மாநிலத்தின் சாட்டனூகா நகரம் தன் அரங்கைக் கொடுக்கவே மறுத்து, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975-இல் நாடகக்காரர்கள் பக்கம் தீர்ப்பானது. இத்தனை எதிர்ப்புக்கும் நடுவில் நியூயார்க்கின் பெரிய அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 1,750 காட்சிகள் ஓடியிருக்கிறது.

நீங்கள் இருக்கும் நாட்டிலும் அப்படித்தான். 1737-லிருந்து பிரிட்டனில் நாடகம் போட லார்ட் சேம்பர்லைன் என்ற அரண்மனை அதிகாரியின் அனுமதி வேண்டியிருந்தது. அந்தத் தணிக்கை 1968 செப்டம்பர் 26-ஆம் தேதி ஒழிந்தது. மறுநாளே லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி தியேட்டரில் ‘ஹேர்’ அரங்கேறியது. அடுத்த வருடம் இளவரசி ஆன் பார்க்க வந்து, மேடையேறி ஆடிவிட்டுப் போனார். 1,997 காட்சிகள் வரை ஓடி, 1973-இல் அரங்கின் மேற்கூரை பெயர்ந்து விழுந்ததால்தான் நின்றது. ஒரே நாடகத்துக்கு ஒருவர் ஆடுவதும் இன்னொருவர் முறைத்துக்கொண்டு போவதும் அன்றே இருந்தது. உங்கள் ஊர்த் தம்பதி அந்த வரிசையில் கடைசி.

சரி, மேடையேறி ஆடினார்களே, அதை நினைத்துச் சந்தோஷப்படலாமா? கொஞ்சம் நிதானம். 1968-இல் இருபது வயதில் இருந்தவர்களுக்கு அந்தக் கடைசிப் பாட்டு அவர்களுடைய சொந்தப் பாட்டு. யார் பாடினாலும் எழுந்து ஆடியிருப்பார்கள். குழுவுக்கு நல்ல முடிவு கிடைத்தது, அவ்வளவுதான்.

அவள் காது கொடுத்துக் கேட்க வேண்டியது ‘புரியவில்லை’ என்றவர்களைத்தான். அதில் நியாயம் இருக்கிறது. கதை இவ்வளவே: நியூயார்க்கில் ஹிப்பிகளோடு திரியும் கிளாட் என்ற இளைஞனுக்கு ராணுவத்தில் சேர அழைப்பு வருகிறது. போருக்கு எதிர்ப்பாக நண்பர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் ராணுவ அட்டையை, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்குப் பதிவு செய்ததற்கு அரசு கொடுத்த அட்டையை, நெருப்பில் போடுகிறார்கள். கிளாடும் தன் அட்டையைப் போடப் போகிறான், கடைசி நொடியில் எடுத்துக்கொள்கிறான். கடைசியில் வியட்நாமில் சாகிறான். முழு நாடகமும் அந்த ஒரு கை பின்வாங்குவதில் இருக்கிறது. ஆனால் பிரிட்டன் வியட்நாமுக்குப் போரிடப் படை அனுப்பவில்லை, இங்கே கட்டாய ராணுவச் சேவையும் 1963-லேயே முடிந்துபோனது. அவள் ஆபீஸ் நண்பர்களுக்கு அது ஏதோ ஒரு காகிதம் எரிகிற காட்சி. அப்புறம் இரண்டாம் பாதியில் கிளாட் போதையில் காணும் நீண்ட கனவு. அமெரிக்க அதிபர்கள் வாஷிங்டன், லிங்கன் எல்லாம் வருகிறார்கள், புத்த பிட்சுகள், கன்னியாஸ்திரிகள் என்று ஒருவரையொருவர் கொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அது நீளம்தான், தொழில்முறைக் குழு போட்டாலும் நீளம்தான்.

போதாததற்கு, வசனம் குறைவு. கதை பெரும்பாலும் பாட்டில்தான் போகிறது. சின்ன ஊர் ஹாலில் டிரம்ஸும் கிட்டாரும் முழுச் சத்தத்தில் போனால் வார்த்தை அமுங்கிவிடும், அதோடு கதையும் போய்விடும். அமெச்சூர் குழு உரிமம் வாங்கித்தான் போட முடியும், இஷ்டத்துக்கு வசனம் சேர்க்கக் கூடாது. ஆனால் வாத்தியச் சத்தத்தைக் குறைக்கலாம். அட்டை எரிக்கும் இடத்தில் மற்றவர்கள் அசையாமல் நிற்கலாம். கையில் கொடுக்கும் நிகழ்ச்சித் தாளில், ராணுவ அட்டை என்றால் என்ன என்று நான்கு வரி அச்சிடலாம். இதையெல்லாம் அவள் இயக்குநரிடம் போய்ச் சொல்லட்டும். அழுவதைவிட உருப்படியான வேலை.

உங்கள் சங்கடங்களுக்கும் வருகிறேன். ‘ஹரே கிருஷ்ணா’ கேலிக்காக வைத்தது என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தியாவிலிருந்து போன பிரபுபாதா என்ற துறவி 1966-இல் நியூயார்க்கில் ‘ஹரே கிருஷ்ணா’ இயக்கத்தைத் தொடங்கி, டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் மரத்தடியில் பஜனை நடத்தினார். நாடகத்தின் ஹிப்பிகள் அதே பேட்டைக்காரர்கள். அவர்கள் காதில் விழுந்ததைத்தான் பாடுகிறார்கள். ஆடையில்லாத காட்சி முதல் பாதியின் முடிவில் சில நொடிகள் வரும். பிராட்வேயிலேயே அது விருப்பமுள்ள நடிகர்களுக்கு மட்டும்தான். அவள் 23 வயதுப் பெண். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகத் துருவாதீர்கள்.

இப்போது அந்தப் பொய். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. யார் எழுந்தார்கள், எந்த நாற்காலி காலி, யார் ஆடினார்கள் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் மேடையில் என்ன செய்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளைத் தவிர மற்ற எல்லாரையும் பார்த்திருக்கிறீர்கள். ‘சூப்பர்’ அவளிடம் எடுபடாமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மீதி இரண்டு காட்சியில் ஒன்றுக்கு டிக்கெட் எடுங்கள். அதற்கு முன்னால், “எனக்குக் கதை புரியலை, அந்த அட்டை விஷயத்தை எனக்குச் சொல்லு” என்று சாப்பிடும்போது கேளுங்கள். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பிறகு சொல்வாள். உங்களுக்கு விளங்கும்படி அவள் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நிகழ்ச்சித் தாளுக்கு அந்த நான்கு வரி போதும்.