டேப்பெட் சத்தம்: 16 லிஃப்டரையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் பெட்ரோல் கார் 9 வருடம் ஓடியது. 16 வால்வு, ஹைட்ராலிக் லிஃப்டர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று அடிக்கிறது. கிண்டியில் டிராஃபிக்கில் நின்றால் திரும்பவும் கேட்கிறது. லிஃப்டர் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். எது கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாதா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: முடியும். வால்வைத் திறக்கும் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே, ஆயில் பிரஷரால் இடைவெளி இல்லாமல் நிற்பதுதான் லிஃப்டர். டேப்பெட் என்பதும் இதைத்தான். பதினாறும் ஒன்றாகக் கெடுவது அபூர்வம். எல்லாமே சத்தம் போட்டால் ஆயில் மீதுதான் முதல் சந்தேகம் வரவேண்டும்.

டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். மேல் கோட்டைத் தாண்டினால், என்ஜின் அடியில் சுழலும் கிராங்க் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் லிஃப்டருக்குள் காற்று போய் அது ஸ்பாஞ்சாகிவிடும். காலையில் சில நொடி அடித்து அடங்கினால் பயமில்லை. ராத்திரியில் ஆயில் கீழே வடிந்திருக்கும். மலிவான ஆயில் ஃபில்டர் போட்டிருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள். சூடானபின் ஐடிலில் அடிப்பதுதான் கவனிக்கவேண்டியது. ஆயில் இளகியதும் தேய்ந்த பிளஞ்சர் (லிஃப்டருக்குள் ஏறி இறங்கும் பகுதி) வழியாகக் கசிகிறது, அல்லது ஆயில் பிரஷரே குறைவு. பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி, மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் லிஃப்டர் வாங்க ஜி.பி. ரோட்டுக்குப் போகாதீர்கள்.

பிரஷர் சரியாக இருந்தால், ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை சூடாக்கி, 2,500 ஆர்.பி.எம்.மில் 2 நிமிடம் வையுங்கள். உள்ளே சிக்கிய காற்று பெரும்பாலும் வெளியேறிவிடும். அப்போதும் நிற்கவில்லையா? என்ஜினை அணைத்து, சூடு ஆறுமுன் ஹெட் கவரை (என்ஜினின் மேல்மூடி) கழற்ற வேண்டும்.

கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, என்ஜின் சுழலும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். கேமின் மூக்கு (துருத்திய முனை) மேலே பார்த்து நிற்கும் லிஃப்டரை மட்டும் சோதிக்கலாம். மூக்கு அழுத்திக்கொண்டிருப்பதில் ஒன்றும் தெரியாது. மரக்குச்சியால் அழுத்துங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கீறல் விழும். நல்ல லிஃப்டர் கல் மாதிரி நிற்கும். கெட்டது 'பொதக்'கென்று இறங்கும். அழுத்தியபடியே கேமுக்கும் லிஃப்டருக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். பல என்ஜின்களில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான் அனுமதி, அதற்கு மேல் போனால் மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: கழற்றிய லிஃப்டரை டீசலில் கழுவித் திரும்பப் போடலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: லிஃப்டருக்குள் ஆயிலைத் திரும்பவிடாமல் தடுக்கும் சின்னக் குண்டில் (செக் பால்) அழுக்கு சிக்கியிருந்தால் பலன் கிடைக்கும், பிளஞ்சர் தேய்ந்திருந்தால் கிடைக்காது. எது எந்த வால்வில் இருந்தது என்று குறித்துவைத்து, அதே இடத்தில் போடுங்கள். கேமோடு சேர்ந்து தேய்ந்த முகம் அது. புதிதானாலும் பழையதானாலும் மாட்டிய கையோடு ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் நிறைந்து விறைத்த லிஃப்டர் வால்வை முழுதாக மூடவிடாது, பிஸ்டன் வந்து இடிக்கலாம். கேமை மாட்டியபின் குறைந்தது 30 நிமிடம் விட்டு, கிராங்க்கைக் கையாலேயே இரண்டு சுற்று திருப்பி, எங்கும் தட்டவில்லை என்றால் சாவியைத் திருப்புங்கள்.