மூளை, மேற்பட்டை, மீட்சி: திருகோணமலை வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் தந்தைக்குப் பாரிசவாதம் வந்துவிட்டது. கை எப்போது சரியாகும்? (மூதூர்)

வயது எழுதப்படவில்லை, எந்தப் பக்கம் என்று எழுதப்படவில்லை, நோய் வந்த நாளும் எழுதப்படவில்லை. இம்மூன்றும் இல்லாத கடிதத்துக்கு எவராலும் பொறுப்போடு பதில் கூற முடியாது என்பதை முன்னரும் எழுதியிருக்கிறேன். பொதுவாக முதல் மூன்று மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும், பின்னர் மெதுவாகும். கிளினிக் கொப்பியைப் பார்த்து மீண்டும் எழுதுங்கள். அதுவரை பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

ஆறு மாதம் கடந்தால் இனி ஒன்றும் திரும்பாது என்கிறார்களே? அம்மாவுக்கு வயது 61, வலது கை, எட்டு மாதமாகிறது. விரல்களைச் சிறிது நீட்ட முடிகிறது. (கிண்ணியா)

கேட்க வேண்டிய முறையில் கேட்டிருக்கிறீர்கள். ஆறு மாதம் என்பது கதவு மூடும் நாள் அன்று. பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்களான ஏறத்தாழ 220 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், நல்ல கைக்கு உறையிட்டு, பலவீனமான கையையே இரண்டு வாரங்கள் தீவிரமாகப் பயன்படுத்தச் செய்தார்கள். அதனால் கிடைத்த முன்னேற்றம் ஓராண்டுக்குப் பின்னரும் நிலைத்திருந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் நீட்டக்கூடியவர்களுக்கே இம்முறை பொருந்தும். உங்கள் அம்மா அந்த வகையினர் என்று தோன்றுவதால் இயன் மருத்துவரிடம் இதுபற்றிக் கேளுங்கள். 1996இல் குரங்குகளில் செய்த ஆய்வொன்று, சிறிய பாதிப்புக்குப் பின் கையைப் பயிற்றாவிட்டால் மேற்பட்டையில் (மூளையின் வெளிப்புறப் படலத்தில்) பாதிப்பைச் சூழ்ந்திருந்த கைக்குரிய பகுதியும் சுருங்கியதையும், பயிற்றியபோது அது காக்கப்பட்டதையும் காட்டியது. ஆகவே சோற்றைக் குழைத்து ஊட்டிவிடுவதும் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதும் பாசமாகவே இருந்தாலும், அந்தக் கைக்கு உரிய இடத்தை நாமே பறிப்பதாக முடியும். அவரால் பாதியேனும் செய்யக்கூடியதை அவருக்காக நீங்கள் செய்யாதீர்கள்.

மனிதர் மூளையில் பத்து வீதத்தையே பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மையா? (உப்புவெளி)

இல்லை. உடல் எடையில் 2 வீதமான மூளை, உடலின் சக்தியில் சுமார் 20 வீதத்தைச் செலவிடுகிறது. அது சும்மா கிடக்கும் உறுப்பன்று.

மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்டெம் செல் (வேறு கலங்களாக மாறக்கூடிய மூலக்கலம்) ஊசி மூன்று போட்டால் மூளை புதிதாக வளரும் என்று வெளிநாட்டு நிலையம் ஒன்று கூறுகிறது. வயற்காணியை விற்க எண்ணியிருக்கிறோம். (தம்பலகாமம்)

காணியை விற்காதீர்கள். மற்றவற்றை வாசிக்காதவர்களும் இதை வாசிக்க வேண்டும் என்பதற்காக முதலில் எழுதுகிறேன்.

மேற்பட்டையின் மொத்தத் தடிப்பே இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர்தான்; அதற்குள் ஆறு படைகள் உள்ளன. அதில் ஏறக்குறைய 1600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. கருவில் ஆழமான படை முதலில் உருவாக, பின்னர் பிறக்கும் கலங்கள் அதைக் கடந்து ஏறி வெளிப்படைகளில் அமர்கின்றன. இந்த வேலை பிறப்புக்கு முன்னரே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐ அளவுகோலாகக் கொண்டு சுவீடன் ஆய்வாளர்கள் 2006இல் காட்டியதும் இதுவே: மேற்பட்டையின் நரம்புக் கலங்களுக்கு அந்த மனிதரின் வயதே வயது. அவ்வாறிருக்க, முதுகில் ஏற்றிய ஊசியிலிருந்து கலங்கள் தாமாகச் சென்று, தமக்குரிய படையைக் கண்டறிந்து, ஆயிரக்கணக்கான இணைப்புகளை மீண்டும் கட்டும் என்று எவரும் நிரூபித்ததில்லை.

ஆய்வு நடக்கவில்லை என்று நான் கூறவில்லை. 2016இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் பாரிசவாதத்துக்குள்ளான 18 பேருக்கு அறுவை மூலம் பாதிப்பின் அருகிலேயே கலங்களை வைத்தபோது முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒப்பீட்டுக் குழுவோடு பெரிய ஆய்வு செய்தபோது அதன் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. அதே 2016இல், சீனா, ஆர்ஜென்டினா, மெக்சிக்கோ ஆகிய நாடுகளுக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்ட ஒரு பாரிசவாத நோயாளியின் முள்ளந்தண்டில், அவருடையதல்லாத கலங்களாலான கட்டி வளர்ந்த செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது. உண்மையான ஆய்வு, பங்குபெறுபவரிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. பணம் கேட்ட கணமே அது வியாபாரம் என்று அறியுங்கள்.

வீட்டை ஈடு வைத்து இவ்வாறு சென்று வந்த குடும்பம் ஒன்று என் முன்னால் அமர்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் கொண்டுவந்த தடித்த கோப்பில், எந்தக் கலம் எவ்வளவு செலுத்தப்பட்டது என்று ஒரு வரிகூட இல்லை. பயணத்துக்குப் பணம் திரட்டிய அந்த ஓராண்டில் அந்தப் பிள்ளை ஒரு நாளும் பயிற்சிக்குச் செல்லவில்லை. போன பணத்தைவிட அந்த ஓராண்டுக்காகவே நான் வருந்தினேன். உங்கள் மகனுக்கு இன்று நடப்பதில் குறையா, பேச்சிலா, நினைவிலா என்பதை எழுதுங்கள்; அதற்கேற்ற பயிற்சியைப் பேசலாம்.

நிலாவெளி உப்பளத்திலிருந்து நேரே வரும் உப்பு இயற்கையானது என்று வாங்குகிறோம். மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். (நிலாவெளி)

அயடீன் சேர்க்காத உப்பாயின் கருவாட்டுக்குப் போடுங்கள், மருமகளின் கறிக்கு வேண்டாம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குச் சுமார் 250 மைக்ரோகிராம் அயடீன் தேவை. அது குறைந்தால் தைரொயிட் சுரப்பு குறைந்து, கருவின் மூளையில் கலங்கள் தம் படைகளுக்கு ஏறும், மேலே கூறிய பயணமே குழம்பும். கடலருகில் விளைந்த உப்பில் அயடீன் தானாகவே போதியளவு இருக்கும் என்பது பிழையான நம்பிக்கை.

மூன்று மாதக் குழந்தையின் ஒரு கண்மணி வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு வயது ஆகட்டும் என்கிறார் பாட்டி. (குச்சவெளி)

ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். நாளையே கண் வைத்தியரிடம் காட்டுங்கள். அது கண்புரையாக இருக்கலாம், அதைவிட ஆபத்தான கட்டியாகவும் இருக்கலாம். பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில காலம் மூடி வைத்தால், பின்னர் திறந்தாலும் மேற்பட்டை அந்தக் கண்ணுக்குச் செவிசாய்ப்பதில்லை என்பதை ஹியூபல், வீசல் என்ற ஆய்வாளர்கள் 1960களில் கண்டார்கள்; 1981இல் நோபல் பரிசும் பெற்றார்கள். குழந்தையின் கண்ணும் அப்படியே: தாமதித்துச் செய்யும் அறுவையில் கண் தெளியலாம், பார்வை சரியாக வராது.

வீட்டில் தமிழ், அயலில் சிங்களம். குழந்தை குழம்பாதா? தமிழை யூடியூபில் பழக்கலாமா? (திருகோணமலை நகர்)

குழம்பாது. பத்துப் பன்னிரண்டு மாதங்களுக்குள் குழந்தையின் காது தன்னைச் சூழ்ந்த மொழியின் ஒலிகளுக்கே கூர்மையாகிறது. ல, ள வேறுபாட்டை அப்போது கேட்டுப் பழகுவது எளிது. ஆனால் திரையிலிருந்து அன்று. 2003இல் வெளியான ஆய்வொன்றில் அமெரிக்கக் குழந்தைகள் சீன மொழியொலிகளை நேரில் பேசியவரிடம் கற்றார்கள், அதே பேச்சைக் காணொளியில் பார்த்தவர்கள் கற்கவில்லை. நீங்களே பேசுங்கள்.

அம்மம்மாவின் வாய் கோணி, இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டது. இனி வைத்தியசாலை எதற்கு? (சாம்பல்தீவு)

சரியானதால்தான் உடனே போக வேண்டும். இவ்வாறு வந்து மறைந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதங்களுக்குள் முழுப் பாரிசவாதம் வரக்கூடும், அதில் பாதி முதல் இரண்டு நாள்களுக்குள். பாரிசவாதம் வந்தால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்க இருப்பது நாலரை மணித்தியாலமே. மீண்டும் வாய் கோணினால், கை சரிந்தால், பேச்சுக் குழறினால் நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள்.