விபத்து வழக்கில் வக்கீலுக்கு 30 சதவீதமா?

கேள்வி: என் அக்காவின் கணவர் (வயது 38, பெயின்டர்) இரண்டு மாதம் முன்பு லாரி மோதி இறந்துவிட்டார். அக்கா, இரண்டு பிள்ளைகள், அவருடைய அம்மா என நாலு பேரும் அவர் சம்பாத்தியத்தில் இருந்தவர்கள். பிணவறை வாசலிலேயே ஒருவர் ஒரு வக்கீலின் கார்டைக் கொடுத்தார். "முன்பணம் வேண்டாம், வருகிற தொகையில் 30 சதவீதம் போதும்" என்கிறார் வக்கீல். வக்காலத்தோடு, நிரப்பாத இரண்டு செக்கிலும் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா? ஏமாற்றினால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வக்காலத்து வழக்கமான ஒன்றுதான், அது இல்லாமல் வக்கீல் ஆஜராக முடியாது. செக்கில் மட்டும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். இழப்பீடு உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2025-ல் சொன்னது. அதைத் தாண்டி எடுக்கத்தான் இந்த வெற்று செக்.

வெற்றியைப் பொறுத்து சதவீதக் கட்டணம் பேசுவது, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிப்படி கூடாது. ஆள் விட்டு வழக்குப் பிடிப்பதும் கூடாது. ஊர் முழுக்க நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறதுதான், அதற்காக உங்கள் அக்கா ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்த 30 சதவீதம் எவ்வளவு என்று பாருங்கள். மாதம் 18,000 ரூபாய் வருமானம் என்று தீர்ப்பாயம் (விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம்) ஏற்றால், 40 வயதுக்குக் கீழே சுயதொழில் என்பதால் எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேரும்: 25,200. நாலு பேர் சார்ந்திருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழியும்: 18,900. ஆண்டுக்கு 2,26,800. இதை எத்தனையால் பெருக்குவது என்பது இறந்தவரின் வயதைப் பொறுத்தது; அவர் வயதுக்கு அந்தப் பெருக்கல் எண் 15. ஆக 34,02,000. இதில் வக்கீல் பங்கு பத்து லட்சத்துக்கு மேல்!

கணக்கு இப்படி ஏறக்குறைய வாய்ப்பாடாகிவிட்டதால், சண்டையெல்லாம் முதல் வரியில்தான், அதாவது அந்த 18,000-ல். ஆதாரம் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் தானே ஒரு தொகையை வைத்துவிடும். வேலை கொடுத்த மேஸ்திரியைச் சாட்சி சொல்லக் கூப்பிடுங்கள். ஜிபேயில் வந்த கூலி, பேங்க் பாஸ்புக், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வக்கீலைப் பார்க்கும்போது, "வருமானத்தை எப்படி நிரூபிப்பீர்கள்?" என்று கேளுங்கள். இதற்கு மழுப்புகிறவர் வேண்டாம். கட்டணத்தை ரூபாயில் பேசி எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் நீதிமன்றம் உதவாது. வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. முறைகேடு என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில்தான் புகார். ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் வக்கீலை மாற்றலாம். கட்டண பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமையில்லை.

பணமே இல்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். தொலைபேசி: 15100. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதால், மிச்சமிருக்கும் நாலு மாதத்தை இழுத்தடிக்காதீர்கள். விபத்து எங்கே நடந்திருந்தாலும் அக்கா குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

அப்புறம், லோக் அதாலத்தில் (சமரசமாகப் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றம்) இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகை சொல்லும். சீக்கிரம் பணம் கைக்கு வரும், நல்லதுதான். ஆனால் அங்கே ஒத்துக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. மேலே போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள்.