கோன்-டிக்கி: பச்சை மரமும் சணல் கயிறும்

அன்புள்ள ஐயா,

நார்வேக்காரரான தோர் ஹெயர்டால் தோழர்களோடு பெருவிலிருந்து பசிபிக் கடலின் பாலினேசியத் தீவுகளுக்குத் தெப்பத்தில் போன பயணத்தைச் சொல்லும் ‘கோன்-டிக்கி’ (2012) படம் பார்த்தேன். எங்கள் ஊரில் கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவார்கள். இல்லாவிட்டால் நீர் ஊறிக் கனத்துவிடும். 101 நாள் கடலிலேயே கிடந்த தெப்பம் எப்படி மூழ்கவில்லை? கயிறு அறுந்துவிடும் என்று தெப்பத்தில் உடன்வரும் தோழர் ஹெர்மன் பயப்படுவதும் நியாயம்தானே?

ஆர்., குளச்சல்

அன்புள்ள ஆர்.,

உங்கள் இரண்டு சந்தேகங்களும் 1947இல் அவர்கள் புறப்படும் முன்பே பலர் சொல்லி எச்சரித்தவை. ஈக்வடார் காட்டில் வெட்டிய, பால்சா என்னும் மிக லேசான வகையைச் சேர்ந்த ஒன்பது மரங்களைக் காயவிடாமல் பச்சையாகவே ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். காய்ந்த பால்சா நீரை உறிஞ்சும். உள்ளே சாறு நிறைந்திருந்தால் நீர் புகுவது மிக மெதுவாகத்தான் நடக்கும். அப்படியும் மேற்புறம் ஊறியது. நடுக்கடலில் ஒரு சில்லைப் பெயர்த்துப் போட்டபோது அது மூழ்கியே போனது. ஆனால் கத்தியை ஓரங்குலம் இறக்கினால் உள்ளே மரம் நீர் ஊறாமல் இருந்தது.

கயிறு விஷயம் இன்னும் அழகானது. மரம் மிக மென்மையானது என்பதால், சுமார் 3 செ.மீ. தடிமனுள்ள சணல் கயிறு மரத்துக்குள் தடம் பதித்து இறங்கிக்கொண்டது. மரங்கள் ஒன்றோடொன்று உரசினாலும் கயிறு பள்ளத்துக்குள் பத்திரமாக இருந்தது. படத்தில் ஹெர்மன் கேட்கும் எஃகுக் கம்பியைக் கட்டியிருந்தால், அதுவே மரத்தை ரம்பம்போல அறுத்திருக்கும். படமோ இதைத் தலைவனின் நம்பிக்கைக்கும் தோழனின் அச்சத்துக்குமான சண்டையாக்கிவிட்டது. அதற்காக ஹெர்மன் வாட்ஸிங்கரைப் பருத்த, நடுங்கும் ஆளாகக் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. உண்மையில் அவர் திடகாத்திரமான பொறியாளர். பயணம் முழுக்கக் காற்றையும் நீரையும் அளந்து குறித்தவர். அவர் குடும்பத்தார் வருந்தியது முற்றிலும் சரி.

படம் கண்டுகொள்ளாத ஒன்று, மரங்களின் இடுக்கில் நீருக்குள் இறங்கும்படி செருகிய ஐந்து பைன் பலகைகள். முன்பலகையைத் தாழ்த்தினால் தெப்பம் காற்றை நோக்கித் திரும்பும், பின்பலகையைத் தாழ்த்தினால் விலகும். பழைய பெரு, ஈக்வடார் மாலுமிகள் இதைக்கொண்டு எதிர்காற்றிலும் போனார்கள். ஹெயர்டால் அதை முழுதாகக் கற்றது 1953இல், ஈக்வடார் கரையில் சோதித்தபோது. 1947இல் அந்த வித்தை கைவராததால்தான் பாலினேசியாவின் அங்காடாவ் தீவை எட்டும் தூரத்தில் பார்த்தும் கரையேற முடியாமல் கடந்துபோனார்கள். சில நாளில், ஆகஸ்ட் 7 அன்று, ராரோயா தீவின் பவளப்பாறையில் மோதினார்கள்.